வெள்ளையடித்த அறை

எங்கள் தெருவில் கதவின் மேல்விளிம்புக்கும் பெயிண்ட் அடிக்கிற ஆள் ஒருவர்தான். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் ஸ்டூல் போட்டு ஏறி, யாரும் எட்டிப் பார்க்காத அந்த ஒரு விரல் அகலத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் வைத்து, அது காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "அங்க யாருய்யா பாக்கப் போறா?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "பல்லி பாக்குமே" என்பார். இரண்டாவது கோட்டிங் அடிக்காமல் ஒரு சுவரையும் விட்டதில்லை. அதனால் டபுள் கோட்டிங் என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் மனைவிக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமை, நிறைய எரிச்சல். "ஊர் சுவரெல்லாம் பளபளக்குது, என் அடுப்படி மட்டும் கரி புடிச்சுக் கெடக்கு" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவாள்.

சைக்கிள் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முன்னறையில் டின்களும் ஏணியும் பழைய துணிகளும். பின்னறையில் சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம். மனைவிக்கு ரொட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. விடியும்போது போய் மதியம் திரும்புவாள். வரும்போது உடைந்த ரொட்டிகளை ஒரு பையில் கொண்டுவருவாள். அந்த வீட்டில் முழு ரொட்டியை யாரும் பார்த்ததில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவளுடைய தம்பிதான் அந்தக் குறை தெரியாமல் அந்த வீட்டில் வளர்ந்தவன்.

தம்பிக்கு முடிவெட்டும் தொழில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்ட சலூன். அவனிடம் ஒரு விசித்திரம் இருந்தது. வேலை செய்யும்போது வாயைத் திறக்க மாட்டான். அரசியல் இல்லை, சினிமா இல்லை, வானிலைகூட இல்லை. கத்தரிச் சத்தம் மட்டும்தான். நிம்மதியாகத் தூங்குவதற்கென்றே அவன் நாற்காலிக்கு வருகிறவர்கள் உண்டு. நானும் தூங்கியிருக்கிறேன்.

அந்தத் திறக்காத வாய்தான் அவனை மாட்டிவிட்டது. அரசாங்கம் வலைவீசித் தேடிய ஒருவன், தலைமறைவாவதற்கு முன்னால் இவன் நாற்காலியில் உட்கார்ந்து தாடியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். விசாரணைப் பிரிவிலிருந்து வந்தார்கள், தம்பியின் கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். தாடி எடுத்தவன் எங்கே போவதாகச் சொன்னான் என்று கேட்டார்கள். "நான் பேச மாட்டேங்க, அவரும் பேசல" என்று சொல்லியிருக்கிறான். முடிவெட்டுகிறவன் பேசமாட்டான் என்று சொன்னால் உலகத்தில் எந்த அதிகாரி நம்புவான். நம்பாத அந்த நாட்களில் அவனை என்ன செய்தார்கள் என்பது அவன் திரும்பி வந்தபோது வைத்திருந்த இரண்டு கைகளிலேயே தெரிந்தது.

கைகள் இருந்தன. தோளுக்கு மேல் ஏறவில்லை, அவ்வளவுதான். முழங்கையை மடக்க முடியும், விரல் அசையும். ஆனால் நின்றுகொண்டு ஒருவர் தலைக்குமேல் கத்தரியைத் தூக்க முடியாது. தலைவழியாகப் போடும் சட்டை கிடையாது. பொத்தான் வைத்த சட்டையை அக்காதான் ஒவ்வொரு கையாக நுழைத்துப் போட்டுவிடுவாள். முதல் சில நாட்கள் ஊட்டிவிட்டாள். அப்புறம் அவன் வேண்டாமென்றான். தட்டை மேசை விளிம்புக்கு இழுத்து, தலையைக் குனிந்து, வாயைக் கைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடப் பழகிக்கொண்டான். அக்கா அந்த நேரம் பார்த்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

"என்ன நடந்துச்சுன்னு அவன ஒரு வார்த்தையும் கேக்கக் கூடாது" என்று புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். "அவனா சொல்லட்டும். நோண்டி நோண்டிக் கேட்டவங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கான்."

பெயிண்டர் கேட்கவில்லை. அன்பினால்தான் கேட்கவில்லை. அந்த அன்புதான் பின்னால் அத்தனை வினைக்கும் காரணமாகிவிட்டது.

*

சட்டமன்றத்தில் ஒரு பெண் உறுப்பினர் இந்த விசாரணைப் பிரிவைப் பற்றி விடாப்பிடியாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், தப்பான விடையை லேசில் விட்டுவிடமாட்டார். கடைசியில் ஒரு குழு போட்டார்கள், அவரே தலைவி. பாதிக்கப்பட்டவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. வந்திருக்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர். போனவன் இந்த வாய் பேசாதவன் ஒருத்தன்தான். மூடிய அறைக்குள் ஒரு பகல் முழுக்கப் பேசிவிட்டு வந்தான். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா" என்றான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் காண்ட்ராக்டர் பெயிண்டரைத் தேடி வந்தார்.

"சர்க்கார் கட்டடம்ப்பா. பின்பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூம். அவசரம். ஒரு வெள்ளை அடிச்சு வுட்டுடு, போதும்."

"ஒரு கோட்டிங்கா?"

"உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு. எப்படியோ செய், சீக்கிரம் செய்."

ஐஸ் ஃபேக்டரிக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை இல்லாத பழைய கட்டடம். மழைக்காலம், சுவரெல்லாம் ஈரம் குடித்திருந்தது. பின்னறையில் மார்பு உயரத்துக்குக் கரும்பச்சை எனாமல், அதற்குமேல் அழுக்கேறிய சுண்ணாம்பு. கூரையில் கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்பு வளையம். பெயிண்டர் பச்சையைச் சுரண்டினார், பட்டி பார்த்தார், மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி வைத்துச் சுவரைக் காயவைத்தார். வளையத்தைச் சுற்றி அடித்துவிட்டு வந்திருக்கலாம். காண்ட்ராக்டர் எதிர்பார்த்ததும் அதுதான். அதைக் கழற்றச் சொல்லி எந்த அதிகாரியும் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் அல்லவா, அந்த இடத்தை ஆண்டவர்களுக்கே அது தோன்றவில்லை. இவருக்குத் தோன்றியது. வெள்ளைக்கு நடுவில் இரும்பு இருந்தால் ஒரே மழையில் துரு கசிந்து மஞ்சளாய் வழியும். வேலை கெட்டுவிடும். ரம்பத்தால் கூரையோடு கூரையாக அறுத்து எடுத்தார். மிச்சத் தண்டை உள்ளே அடித்து இறக்கி, மேலே சிமெண்ட் வைத்து, பட்டி வைத்து, தேய்த்து, மறுபடி பட்டி வைத்துத் தேய்த்தார். அப்புறம் இரண்டு கோட்டிங்.

முடித்த அன்று கட்டடத்தின் பொறுப்பதிகாரி வந்து பார்த்தார். கூரையையே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெயிண்டரின் தோளில் கை போட்டு, "இந்த மாதிரி வேலைக்காரன நான் பாத்ததே இல்ல" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் இந்தப் பாராட்டை வீட்டில் சொல்லி மாளவில்லை. மனைவி சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். மைத்துனன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "உங்க கைய யாரு அத்தான் குறை சொல்ல முடியும்" என்றான்.

*

குழு அந்தக் கட்டடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும் செய்தித்தாளில் வந்தது. புகார் கொடுத்தவன் சொன்ன பச்சைச் சுவர் இல்லை, கூரையில் வளையம் இல்லை, துடைப்பக்கட்டுகள் அடுக்கிய வெள்ளை அறைதான் இருக்கிறது. பொறுப்பதிகாரி குழுமுன் சத்தியம் செய்து, அந்தக் கூரையில் எந்தக் காலத்திலும் எதுவும் பொருத்தப்பட்டதில்லை என்று சொல்லியிருந்தார். சட்டமன்றக் குழுவிடம் பொய் சொன்னதற்காக அந்த முடிவெட்டுகிறவன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவன் மறுபடி வந்து விளக்கம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கைது.

அக்கா செய்தித்தாளை மடித்து ரொட்டிப் பைக்கு அடியில் வைத்துவிட்டாள். ஆனால் சைக்கிள் கடைக்காரர் ஏற்கெனவே அவனிடம் காட்டியிருந்தார்.

சாப்பிடும்போது அவனாகவே ஆரம்பித்தான். அவன் பேசி அந்த வீட்டில் அவ்வளவு நீளமாக யாரும் கேட்டதில்லை.

"அக்கா, நான் பொய் சொல்லல."

"யாருடா சொன்னா நீ பொய் சொன்னேன்னு. சாப்பிடு."

"எனக்கே சந்தேகம் வருதுக்கா. கண்ணக் கட்டித்தான் கொண்டு போனாங்க. உள்ள போனதும் அவுத்துட்டாங்க. பச்ச சுவரு. இந்த உயரத்துக்கு. பக்கத்துல ஐஸ் ஃபேக்டரி சங்கு ஊதும். அத வச்சுத்தான் அந்தம்மா இடத்தையே கண்டுபுடிச்சாங்க. கைய பின்னால கட்டி, அதுல கயித்தப் போட்டு, மேல வளையத்துல மாட்டி இழுப்பாங்க. காலு நுனி மட்டும் தரையத் தொடும். தொட்டும் தொடாமயும். அது இல்லவே இல்லன்னு சொல்றாங்கன்னா, நான் எதுல தொங்கினேன்?"

அக்கா கையிலிருந்த ரொட்டித்துண்டைத் தட்டில் வைத்தாள். அவள் அழவில்லை. தம்பியின் கழுத்தோரம் கை வைத்து அப்படியே இருந்தாள்.

பெயிண்டர் எழுந்துபோய்க் கை கழுவினார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முன்னறைக்குப் போய், டின்களுக்கு நடுவில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

*

மறுநாள் மதியம் மனைவி ரொட்டிக் கம்பெனியிலிருந்து திரும்பும் வழியில் நின்று காத்திருந்தார். மழை விட்டிருந்தது. இருவரும் மூடிய கடை ஒன்றின் வாசலில் ஒதுங்கினார்கள்.

"வேலைக்குப் போகலையா?" என்றாள்.

"போகல."

"உடம்புக்கு முடியலையா?"

"நான்தான் அடிச்சேன்."

"யார?"

"அந்த ரூம. அந்த ஐஸ் ஃபேக்டரி பக்கத்து ரூம. பச்சையச் சுரண்டினது நான். வளையத்த அறுத்தது நான்."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். புரிவதற்கு நேரமெடுத்தது.

"அறுக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. துரு வந்துடும்னு நானா அறுத்தேன்."

"வளையம் எங்க?"

"பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன். அது இந்நேரம் உருகி வேற ஏதாவது ஆகியிருக்கும்."

அவள் பையைத் தரையில் வைத்தாள். "ஒரு நாளாவது," என்றாள், "ஒரே ஒரு நாளாவது அரைகுறையா வேலை செய்யக் கூடாதா நீங்க?"

  இத்தனை வருஷமாக எந்தக் குணத்துக்காக அவரைக் கொண்டாடினோமோ அதே குணம் அவளுடைய தம்பியைக் கொண்டுபோய்த் திரும்பவும் அந்த ஆட்களிடமே ஒப்படைக்கப் பார்த்தது.

"குழுகிட்ட போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

"சொன்னா உங்களையும் சேத்து உள்ள வப்பாங்க. ஆதாரத்த அழிச்சவருன்னு."

"வச்சா வைக்கட்டும்."

"ரெண்டு பேரையும் உள்ள விட்டுட்டு நான் மட்டும் ரொட்டி கட்டிக்கிட்டு இருக்கவா?"

சொல்லிவிட்டு அவளே பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பத்தடி போய் நின்று, அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போவதற்கு முன் அவர் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனார். அந்த அறையை அடித்தது நம் ஆட்கள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார். காண்ட்ராக்டர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"எந்த ரூமு?" என்றார்.

"அண்ணே, நீங்கதான என்னக் கூட்டிட்டுப் போனீங்க."

"நான் உன்ன எங்கயும் கூட்டிட்டுப் போகல. ஆஸ்பத்திரி வேலை, பள்ளிக்கூட வேலை எல்லாம் அவங்க கையெழுத்துலதான் வருது. என் வீட்டுலயும் அடுப்பு எரியணும்ல. நீயும் எங்கயும் போகல. வாய மூடிக்கிட்டு இரு, எல்லாம் தானா அடங்கிடும்."

"அவன் என் மச்சான்ணே."

காண்ட்ராக்டர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. கதவருகில் வந்து, தணிந்த குரலில், "அது எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா வேற ஆளக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். இதைச் சொன்னதால் மனது கொஞ்சம் ஆறியது போல அவர் பெருமூச்சு விட்டார். எனக்கு இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது.

*

மைத்துனனிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவன் சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து, சக்கரம் கோட்டம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆரம்பிக்கத் தெரியாமல், "முடி வளந்துடுச்சு மாப்ள" என்றார்.

"யாருக்கு, உங்களுக்கா எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"எங்கிட்ட வந்து சொல்றீங்களே" என்று சிரித்தான்.

பெயிண்டர் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். டீ வாங்கிக்கொடுத்ததைக்கூடச் சொன்னார். சொல்லும்போது அவன் பக்கம் திரும்பவில்லை, உருளுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனும் அந்தச் சக்கரம் நிற்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"அப்ப அது இருந்துச்சு" என்றான் கடைசியில்.

"இருந்துச்சு மாப்ள."

"பச்ச சுவரு?"

"கரும்பச்ச. சுரண்டச் சுரண்டப் போகல. அடியில இன்னொரு பச்ச இருந்துச்சு."

"நீங்க உங்க கண்ணால பாத்தீங்க."

"கையால தொட்டேன்."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று பெயிண்டர் எதிர்பார்த்திருந்தார். கன்னத்தில் அறைந்தால்கூடத் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். அறைய அந்தக் கை உயராது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவனோ காய்ச்சல் விட்டவன் போல முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தான்.

"எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நெனச்சேன் அத்தான். நேத்துலேர்ந்து அதே நெனப்பு." பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்த ஆளு உங்க தோள்ல கை போட்டாருன்னு சொன்னீங்களே. எந்தத் தோள்?" என்றான்.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

பெயிண்டர் வலது தோளைக் காட்டினார். அவன் அதைப் பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டான்.  பெயிண்டர் அந்த ஆள் கை பட்ட சட்டையைத் துவைக்கப் போட்டார், பிறகு போட்டுக்கொள்ளவேயில்லை.

*

வெள்ளிக்கிழமை நடந்ததாக இனி நான் சொல்வது பெயிண்டரின் மனைவி சொன்னது. தம்பிக்குக் கைத்துணை வேண்டுமென்று அவளையும் உள்ளே விட்டார்கள்.

நீளமான மேசை. நடுவில் குழுத் தலைவி, பக்கத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர், இன்னும் சில பேர். எதிர்ப்புறம் பொறுப்பதிகாரி, தேய்த்த உடுப்பில். பெயிண்டரைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

பெயிண்டர் நடந்ததைச் சொன்னார். ஆளுங்கட்சி உறுப்பினர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க புகார்தாரருக்கு என்ன வேணும்?"

"அவரு அக்கா வீட்டுக்காரருங்க."

"ஓகோ" என்றார் உறுப்பினர். அந்த ஓகோவில் எல்லாம் முடிந்துவிட்டது. "உங்களக் கூட்டிட்டுப் போனதா நீங்க சொல்ற காண்ட்ராக்டர், அப்படி வேலையே நடக்கலன்னு எழுதிக் குடுத்திருக்காரு. மச்சானக் காப்பாத்த மாமன் பேசறது இயற்கைதான். அதுல தப்பு சொல்ல மாட்டேன்."

"வாய்ப்பேச்சு வேணாங்க. ஒரு ஏணி குடுங்க, காட்டறேன். தண்டு உள்ளதான் இருக்கு."

பொறுப்பதிகாரி அப்போதுதான் வாயைத் திறந்தார். "அரசாங்கக் கட்டடத்த ஆளாளுக்கு இடிக்க விட முடியாதும்மா."

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடிக்கல. சுரண்டறாரு. நானும் வரேன்" என்று எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியாது.

அந்த அறையில் துடைப்பக்கட்டுகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். பெயிண்டர் ஏணியில் ஏறி, பட்டித் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே வெள்ளை. மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஒட்டுப்போட்ட வரி இல்லை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண்ணை மூடித் தடவினார். அவர் வேலையில் அவருக்கே ஒரு தடயம் கிடைக்கவில்லை.

நடுவாக இருக்கும் என்று ஓரிடத்தில் சுரண்டினார். வெறும் காரை. ஏணியை நகர்த்திப் போட்டு இன்னோரிடத்தில் சுரண்டினார். அங்கேயும் காரைதான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. கீழே மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் உறுப்பினர். "இது வீடு கட்டற வேலை மாதிரி போயிட்டிருக்கு."

பொறுப்பதிகாரி கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு டீ வாங்கிக்கொடுத்த அதே முகம்.

கதவோரம் நின்றிருந்த மைத்துனன், "அந்தக் கதவச் சாத்துங்க" என்றான்.

யாரிடம் சொன்னான் என்று தெரியாமல் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவியே போய்ச் சாத்தினார். அறை இருண்டது. சின்ன ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் மட்டும்தான்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டான். வெறுங்காலோடு அறைக்குள் நடந்தான். கீழே பார்க்கவில்லை. காலால் தரையைத் தடவிக்கொண்டே போனான். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீர் போவதற்கு ஒரு இரும்புச் சல்லடை பதித்திருந்தது. அதன் விளிம்பில் இடது கால் கட்டைவிரல் படுகிற வரையில் தேடினான். பட்டதும் நின்றான். ஜன்னலைப் பார்த்து முகத்தைத் திருப்பினான், அரையடி வலப்பக்கம் நகர்ந்தான், மறுபடி கட்டைவிரலைச் சல்லடையில் வைத்துப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்து வைத்துக்கொண்டு, நுனிக்காலில் எழும்பினான்.

"அத்தான், இங்க."

பெயிண்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவன் தலைக்கு நேர்மேலே தகட்டை வைத்தார்.

"தலைக்கு இல்ல. கொஞ்சம் பின்னால. முதுகுக்கு நேரா. கை பின்னாலதான கட்டியிருந்துச்சு."

 

பெயிண்டர் சுரண்ட ஆரம்பித்தார். முதலில் வெள்ளை, அப்புறம் இன்னொரு வெள்ளை, அப்புறம் பட்டி. எல்லாம் அவன் தலையிலும் தோளிலும் பொடியாகக் கொட்டியது.

"தள்ளிக்கடா, கண்ணுல விழுது" என்றாள் அக்கா.

"நகந்தா இடம் மாறிடும்கா. நீங்க சுரண்டுங்க அத்தான்."

சிமெண்டுக்கு வந்ததும் தகடு வழுக்கியது. தகட்டின் பின்பக்கத்தால் தட்டினார். ஒரு சில்லு உதிர்ந்தது. அடுத்த தட்டில் இரும்பு கேட்டது. ரம்பத்தால் அறுத்த தண்டின் முகம், கட்டைவிரல் தடிமனில், கூரைக்குள் பளபளத்தது. அதைச் சுற்றிப் பழைய கூரையில் கயிறு உரசி உரசி விழுந்த கருப்பு வட்டமும் வெளியே வந்தது.

"ஃபேன் மாட்டின கொக்கியா இருக்கும்மா" என்றார் பொறுப்பதிகாரி உடனே. "பழைய கட்டடம். யாருக்கு ஞாபகம் இருக்கும்."

தலைவி அவரை நேராகப் பார்த்தார். "எந்தக் காலத்துலயும் எதுவும் இருந்ததில்லன்னு என் முன்னாடி சத்தியம் பண்ணீங்களே. அப்ப மட்டும் ஞாபகம் இருந்துச்சா?"

பொறுப்பதிகாரி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஆளுங்கட்சி உறுப்பினர் அவரிடமிருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்றார். தலைவி செயலாளரைக் கூப்பிட்டார், அறையைப் பூட்டச் சொன்னார், சாவி தன்னிடம் இருக்க வேண்டும் என்றார். யாரோ கதவைத் திறந்தார்கள், யாரோ போட்டோ எடுக்க ஓடினார்கள். ஒரே சமயத்தில் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்காதான் முதலில் பார்த்தாள். தம்பி இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கை பின்னால், மணிக்கட்டோடு மணிக்கட்டு. முகமெல்லாம் வெள்ளைப் பொடி. நுனிக்காலிலேயே நின்றான். கெண்டைக்கால் தசை துடித்துக்கொண்டிருந்தது.

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கினார். தகட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரே போய் நின்றார்.

"நான் இறங்கிட்டேன் மாப்ள. நீயும் இறங்கு."

அவன் கேட்ட மாதிரி தெரியவில்லை. பெயிண்டர் அவன் இடுப்பை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை சொன்னார். அதற்கப்புறம்தான் அவன் குதிகாலைத் தரையில் வைத்தான்.